கங்காரில் பிறந்த ஆய்வாளரும் ஓர் ஒப்பந்தப் பிரிவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத் தலைநகர் கங்காரில் பிறந்து, அமெரிக்கா சென்று, 1991-ஆம் ஆண்டு தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் வெய்-ஹோக் சூன். வில்லி சூன் என்றால் அமெரிக்க அரசியல்வாதிகள் பலருக்குத் தெரியும். அண்மைக்காலப் புவி வெப்ப உயர்வுக்கு மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவைவிடச் சூரியனின் ஏற்ற இறக்கமே பெரிய காரணம் என்பது அவருடைய நிலைப்பாடு. காலநிலை அறிவியலில் பெரும்பான்மையோர் இதை ஏற்பதில்லை. எனினும் எரிபொருள் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எதிர்த்த உறுப்பினர்களுக்கு அந்த நிலைப்பாடு தேவைப்பட்டதால், 2003-இல் அமெரிக்க செனட் சபையின் சுற்றுச்சூழல் குழு முன்னிலையிலும், 2013-இல் கேன்சஸ் மாநிலச் சட்டமன்றத்திலும் அவர் நிபுணராகப் பேசினார். அவருடைய ஆய்வுகளுக்கு எரிபொருள் தொழில் பணம் தந்ததும், பல கட்டுரைகளில் அது சொல்லப்படாததும் 2015-இல் வெளிவந்தன.

பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் கூடும் எங்கள் சிறிய தமிழ் வாசிப்புக் குழு, சட்டம் இயற்றுவோருக்கு அறிவியல் ஆலோசனை சொல்பவர்கள் தங்கள் தொழில்துறைத் தொடர்பை எப்போது, எந்த அளவுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டபோது, இந்த நிகழ்வையே ஆராய்வது என்று முடிவு செய்தது. பட்டர்வொர்த்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் எட்டிவிடக்கூடிய ஊரில் பிறந்தவர் என்ற ஈர்ப்பும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. இதில் தனி மனிதர், அவர் பணிபுரிந்த நிறுவனம், பணம் கொடுத்த தொழில்துறை, கேள்வி கேட்க வந்த சட்டமன்ற உறுப்பினர் ஆகிய நான்கு தரப்பும் தவறியிருக்கின்றன. ஒரே நிகழ்வில் நான்கு விதத் தவறுகளையும் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

வெளிவந்த ஆவணங்கள்

2015 பிப்ரவரி மாத இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அதற்கு ஆதாரமாக இருந்தவை, தகவல் அறியும் சட்ட நடைமுறையின் வழியாக கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பெற்ற ஆவணங்கள். அதற்கு முந்தைய பத்தாண்டு காலத்தில் சூனின் ஆய்வுகளுக்கு எரிபொருள் தொழிலோடு தொடர்புடைய நிறுவனங்களிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் 12 லட்சம் டாலருக்கு மேல் வந்திருந்தது என்று அவை காட்டின. நிலக்கரி மின்நிலையங்களை நடத்திவந்த சதர்ன் கம்பெனி, எக்ஸான் மொபில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், சார்ல்ஸ் கோக் அறக்கட்டளை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. எண்ணெய் நிறுவனங்களின் பங்கு குறைந்த பின், கொடையாளர் யார் என்று வெளியில் தெரியாதபடி பணத்தைக் கைமாற்றித் தரும் டோனர்ஸ் டிரஸ்ட் என்ற நிதியத்தின் பங்கு ஏறியது.

2008-க்குப் பின் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் குறைந்தது 11-இல் இந்த நிதியுதவி குறிப்பிடப்படவில்லை என்றும், அவற்றுள் 8 கட்டுரைகள் அந்தந்த ஆய்விதழ்களின் நெறிமுறையை மீறியதாகத் தோன்றுகின்றன என்றும் அந்தச் செய்தி கணக்கிட்டது. செய்தி வெளிவந்த நேரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 2015 ஜனவரியில் சீன ஆய்விதழ் ஒன்றில் சூன் உட்பட நால்வர் எழுதிய கட்டுரை வெளியாகி, தங்களுக்கு முரண்படும் நலன் எதுவும் இல்லை என்று அதில் அறிவித்திருந்தனர்.

ஊடகங்களில் அவரை 'ஹார்வர்டு வானியற்பியலாளர்' என்று அழைப்பது வழக்கமாக இருந்தது. ஹார்வர்டு அவருக்கு ஒருபோதும் சம்பளம் கொடுத்ததில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் இணைந்து நடத்தும் வானியற்பியல் மையத்தில் ஸ்மித்சோனியன் பக்கத்துப் பகுதிநேர ஊழியராக அவர் இருந்தார். தம் ஊதியத்துக்கான நிதியைத் தாமே வெளியிலிருந்து திரட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் இருந்தார் என்பது பலர் கவனிக்காமல் கடந்துபோகும் விவரம். மாதச் சம்பளம் உறுதியாக உள்ள பேராசிரியர் ஒருவர் ஒரு நிறுவனத்திடம் ஆய்வு நிதி பெறுவதும், நிதி நின்றால் வேலையே நின்றுவிடும் நிலையில் உள்ளவர் பெறுவதும் ஒரே எடையுள்ளவை ஆகா. வெளிப்படுத்தும் படிவங்களோ இரண்டையும் ஒரே கட்டத்தில்தான் எழுதச் சொல்கின்றன.

ஆவணங்களில் எங்கள் குழுவை நெடுநேரம் நிறுத்திவைத்தது தொகை அன்று, ஒரு சொல். நிதி தந்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கைகளில் சூன் தம் ஆய்வுக் கட்டுரைகளை, ஒப்பந்தப்படி ஒப்படைக்கப்படும் பொருள்கள் என்ற பொருள்தரும் வணிகச் சொல்லால் குறித்திருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தயாரித்த சாட்சியத்துக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். கட்டுமானக் குத்தகைக்காரர் 'இத்தனை கதவு, இத்தனை ஜன்னல்' என்று பட்டியல் கொடுப்பதைப் போல அது இருந்தது என்றார், குழுவில் உள்ள ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஆய்வு உலகில் நிதியாளருக்குப் பணி அறிக்கை அனுப்புவது வழக்கமே, அச்சொல்லும் திட்ட அறிக்கைகளில் சாதாரணமாகப் புழங்குவதே என்று யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆய்வுக் கட்டுரைக்கு அந்த விளக்கத்தை ஏற்கலாம். மக்கள் பிரதிநிதிகளின் முன் பொதுநலனுக்காகச் சொல்லப்படும் சாட்சியம் ஒரு நிறுவனத்தின் விநியோகப் பட்டியலில் இடம்பெறும்போது, அந்த விளக்கத்தால் அதைத் தாங்க முடியாது என்பது என் கருத்து.

ஒப்பந்தம்

சூன் மீது எழுந்த கண்டனத்தில் பெரும்பாலும் மறைந்துபோனது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பங்கு. பணம் சூனின் சட்டைப்பைக்கு நேராகப் போகவில்லை. அது நிறுவனத்தின் கணக்கில் வந்து, நிறுவனம் தன் நிர்வாகச் செலவுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட பின்னரே ஆய்வுக்குச் சென்றது. சதர்ன் கம்பெனியோடு கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டு விஷயங்களை உறுதி செய்திருந்தது. முதலாவது, வெளியிடப்போகும் கட்டுரைகளின் படியை முன்கூட்டியே சதர்ன் கம்பெனிக்கு அனுப்பிக் கருத்துச் சொல்ல இடம் தரவேண்டும். இரண்டாவது, அனுமதியின்றி நிதியாளரின் பெயரை வெளியிடக்கூடாது.

இந்த இரண்டாவது நிபந்தனையை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். ஆய்விதழ் 'யார் பணம் தந்தார்' என்று கேட்கிறது. ஆய்வாளரின் நிறுவனம் 'அனுமதியில்லாமல் சொல்லமாட்டோம்' என்று ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆய்வாளர் ஒன்று அனுமதி கேட்க வேண்டும், அல்லது இரண்டில் ஒன்றை மீற வேண்டும். மீறலுக்கு அவரே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் மீறலுக்கு வழி அமைத்துக் கொடுத்தது வரிப்பணத்தில் நடக்கும் பெருமைமிக்க ஓர் ஆய்வு நிறுவனம். மையத்தின் அப்போதைய இயக்குநர் சார்ல்ஸ் அல்காக் அந்தப் பிரிவு ஒரு தவறு என்று ஒப்புக்கொண்டார். ஸ்மித்சோனியனின் உள் கண்காணிப்பு அலுவலகத்தின் (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) விசாரணைக்கும் விஷயம் அனுப்பப்பட்டது.

சூனின் தரப்பையும் சொல்ல வேண்டும். பணத்துக்காகத் தம் முடிவுகளை மாற்றியதில்லை என்றும், நடைமுறையில் இருந்த வெளிப்படுத்தும் வழக்கத்தையே தாம் பின்பற்றியதாகவும், எல்லா ஆய்வாளருக்கும் ஒரே விதி பொருந்துமானால் கூடுதல் விவரம் தரத் தயார் என்றும் அவர் 2015 மார்ச் தொடக்கத்தில் அறிக்கை விட்டார். முதல் கூற்றை நம்புவோரும் நம்பாதோரும் இருப்பார்கள், அதை நிறுவுவதும் மறுப்பதும் ஏறக்குறைய இயலாத காரியம். அவர் சூரியனைப் பற்றி அப்படி நினைத்ததால் பணம் வந்ததா, பணம் வந்ததால் அப்படி நினைத்தாரா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எவராலும் சொல்ல முடியாது. வெளிப்படுத்தும் விதி தேவைப்படுவதே இதனால்தான். மனத்துக்குள் இருக்கும் காரணத்தை ஆராயாமல், வெளியில் இருக்கும் தொடர்பை மட்டும் மேசைமேல் வைக்கச் சொல்வது அந்த விதி.

மூன்றாவது கூற்று, எல்லோருக்கும் ஒரே விதி என்பது, அடுத்து நடந்த சம்பவத்தின் வெளிச்சத்தில் அவருக்கு ஆதரவாகவே திரும்பியது.

ஏழு கடிதங்கள்

செய்தி வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2015 பிப்ரவரி 24-ஆம் தேதி, அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபையின் இயற்கை வளக் குழுவில் சிறுபான்மைக் கட்சியின் தலைமை உறுப்பினராக இருந்த அரிசோனாவின் ராவுல் கிரிஹால்வா ஏழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். கொலராடோ, ஜார்ஜியா டெக், டெலவேர், ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா, எம்ஐடி, அரிசோனா மாநிலம், பெப்பர்டைன் ஆகிய அந்தப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏழு பேர் காலநிலைக் கொள்கை தொடர்பாகச் சாட்சியம் அளித்தவர்கள். ரோஜர் பீல்கே இளையவர், ஜூடித் கரி, ரிச்சர்ட் லிண்ட்சன், ஜான் கிறிஸ்டி போன்றோர் அதில் அடக்கம். நிதி ஆதாரம் என்ன, பல்கலைக்கழகத்தின் வெளிப்படுத்தும் விதி என்ன என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. சாட்சியத்தின் வரைவுகளையும், அது தொடர்பாக அவர்கள் பிறரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தையும் 2007-இலிருந்து கேட்டார்.

எதிர்ப்பு அவர் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. காலநிலை மாற்றத்துக்கு மனிதரே காரணம் என்று உறுதியாகச் சொல்லிவரும் அமெரிக்க வானிலையியல் சங்கமே, ஆய்வாளர்களை அவர்களின் கருத்தின் அடிப்படையில் பிரித்தெடுத்து இப்படிக் கேட்பது எல்லா அறிவியலாளருக்கும் அச்சுறுத்தலாக அமையும் என்று எழுதியது. பீல்கே, தமக்கு எரிபொருள் நிறுவனங்களின் நிதி எதுவும் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். சில நாளில் கிரிஹால்வாவே, கடிதப் போக்குவரத்தைக் கேட்டது எல்லை மீறியது என்று ஒப்புக்கொண்டு அந்தக் கோரிக்கையைத் தளர்த்தினார். நிதி விவரக் கேள்வியை மட்டும் கைவிடவில்லை. பெரும்பான்மை இல்லாததால் ஆவணங்களைக் கட்டாயப்படுத்திப் பெறும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

கிரிஹால்வாவின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. அவர் கேட்க வந்த கேள்வி சரியானது, கேட்ட நேரமும் கேட்ட ஆட்களும் தவறு. சாட்சியம் முடிந்து ஆண்டுகள் கழித்து, எதிர்க்கருத்துச் சொன்ன ஏழு பேரிடம் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி குற்றச்சாட்டின் உருவத்தில்தான் போய்ச் சேரும். நம்மூர்க் கோயில் கமிட்டிப் பொதுக்கூட்டத்தில், பந்தல் போடும் குத்தகை எடுத்தவர் பொருளாளரின் மைத்துனர் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன் சொல்லிவிட்டால் அது ஒரு தகவல். கணக்கு வாசித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டால் அன்றைக்குச் சண்டைதான், பந்தல் செலவு நியாயமானதா என்று அதன்பின் எவரும் பார்ப்பதில்லை.

விதிகள் கேட்காமல் விட்டது

முன்கூட்டியே கேட்கும் விதி அமெரிக்காவில் இல்லாமலில்லை. மக்கள் பிரதிநிதிகள் சபையில் அரசு சாராத சாட்சிகள் தங்கள் விவரக் குறிப்போடு நிதி விவரமும் எழுத்தில் தரவேண்டும் என்ற விதி 1997 முதல் உள்ளது. ஆனால் அது எந்தப் பணத்தைக் கேட்டது என்று பாருங்கள். முதலில் அமெரிக்க மத்திய அரசின் மானியமும் ஒப்பந்தமும். 2015-இல் வெளிநாட்டு அரசுகளின் பணமும் சேர்க்கப்பட்டது. 2021-இல், விவாதப் பொருளில் நலன் உள்ள அமைப்பு ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் சாட்சி இருக்கிறாரா என்ற கேள்வியும் வந்தது. ஒரு மின் நிறுவனமோ, எண்ணெய் நிறுவனமோ, கொடையாளர் பெயரை மறைக்கும் நிதியமோ ஆய்வுக்குத் தந்த பணத்தை இந்தப் படிவம் நேராகக் கேட்பதில்லை. அரசுப் பணம் பெற்றவரைச் சந்தேகிக்கும் விதி தனியார் பணம் பெற்றவரைக் கேள்வியின்றி விட்டுவிடுகிறது. மேலும், இது ஒரு சபையின் உள்விதி. கேன்சஸ் போன்ற மாநிலச் சட்டமன்றங்களை அது கட்டுப்படுத்தாது.

2003-ஆம் ஆண்டு செனட் விசாரணையைக் கொண்டு இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தையும் குழு கண்டது. சூனும் சக வானியற்பியலாளர் சாலி பலியூனாஸும் எழுதி அவ்வாண்டு வெளியாகி, அந்த விசாரணையில் பேசப்பட்ட கட்டுரைக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 53,000 டாலர் தந்தது. அது கட்டுரையின் நன்றியுரையில், நாசா போன்ற அரசு அமைப்புகளின் பெயர்களோடு சேர்த்து, வெளிப்படையாகவே அச்சாகியிருந்தது. கட்டுரையின் தரத்தைப் பற்றிய சர்ச்சையில் அந்த இதழின் தலைமை ஆசிரியர் உட்பட ஆசிரியர் குழுவினர் பலர் விலகினர். இதில் பணத் தொடர்பு மறைக்கப்படவில்லை. ஆய்விதழ் கட்டுரையை மதிப்பிட்ட முறையில்தான் பிழை இருந்தது. நன்றியுரையில் ஒரு வரி இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை. ஆய்விதழின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள வரியைச் சட்டமன்ற உறுப்பினர் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சாட்சி வாய் திறக்கும் முன்பே அது அவர் மேசையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில்

இந்த இடத்தில் கூட்டத்தின் சூடு ஏறியது. சூன் விவகாரத்தை வெளிக்கொண்டுவந்தது தகவல் அறியும் நடைமுறை. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் நாடு முழுமைக்கும் உண்டு. தகவல் சுதந்திரச் சட்டம் என்றால், 2011-இல் நிறைவேறிய சிலாங்கூர், பினாங்கு மாநிலச் சட்டங்களை நினைவுகூரலாம், அவையும் மாநில அரசின் துறைகளோடு நிற்பவை. கூட்டரசு ஆய்வு நிறுவனத்துக்கும் தனியார் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அவற்றின் வழியாக ஒரு பினாங்குவாசி கேட்டுப் பெற இயலாது. அதாவது, பின்னர் தோண்டியெடுக்கும் வழி இங்கே குறுகலானது. எனவே முன்னரே கேட்கும் விதியின் தேவை இங்கே அமெரிக்காவைவிட அதிகம்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை மக்களவை 2019 ஜூலை 1-ஆம் தேதி நிறைவேற்றியது. அது உறுப்பினர்களுக்கானது. உறுப்பினர்களின் காதில் அறிவியல் சொல்பவருக்கு அது பொருந்தாது. நாடாளுமன்றத்தின் சிறப்புத் தேர்வுக் குழுக்கள் முன்பைவிட அதிகமாக நிபுணர்களை அழைத்துக் கேட்கும் இக்காலத்தில் இந்த இடைவெளி பெரிதாகிறது.

புகையிலை ஒன்றில் மட்டும் நமக்கு எழுதப்பட்ட கடமை இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005-இல் ஏற்றது. அதன் 5.3-ஆவது பிரிவு, புகையிலைக் கொள்கையைத் தொழில்துறையின் நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. 2008-இல் ஏற்கப்பட்ட அதன் வழிகாட்டி நெறிகள் ஒரு படி மேலே போய், அரசு அதிகாரிகளோடு ஆலோசகர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும்கூடத் தங்கள் நலன்களை அறிவிக்கும் விதி வேண்டும் என்கின்றன. 'ஆலோசகர்' என்ற சொல் அங்கே இருப்பது தற்செயலானதன்று.

அந்த நெறியை நாம் எப்படிக் கடைப்பிடித்தோம் என்பதற்கு மின்சிகரெட் விவகாரம் அளவுகோல். 2023 மார்ச் 31-ஆம் தேதி, மின்சிகரெட்டில் பயன்படும் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 40 காசு கலால் வரி. புதிய கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 852-ஆவது சட்டம், நடைமுறைக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1-ஆம் தேதி. நடுவில் ஒன்றரை ஆண்டுகள். குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்குப் பின் பிறந்தோர்க்குப் புகையிலையே விற்கக்கூடாது என்ற பகுதி, 2023 நவம்பரில் மக்களவை மசோதாவை ஏற்குமுன் கைவிடப்பட்டது. இந்தக் காலத்தில் மருத்துவர்கள், பொருளாதார ஆலோசகர்கள், புகைப்பதைவிட மின்சிகரெட் தீங்கு குறைந்தது என்று வாதிடும் 'தீங்கு குறைப்பு' நிபுணர்கள் எனப் பலரின் பெயரில் கருத்துகள் பறந்தன. அவற்றுள் எது யாருடைய செலவில் உருவானது என்று அறிய, கருத்தைக் கேட்ட உறுப்பினருக்கே ஒரு படிவமும் இருக்கவில்லை. யாரும் தவறு செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கேள்வியே கேட்கப்படாத இடத்தில் தவறும் தெரியாது, நேர்மையும் தெரியாது.

உணவுத் துறையிலும் இந்தக் கேள்வி இங்கே எழுந்ததுண்டு. மலேசியச் சத்துணவு ஆய்வுகளுக்குப் பன்னாட்டு உணவு நிறுவனங்கள் தரும் நிதி குறித்து 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது, நம் வீட்டுக் காலை மேசையில் இருக்கும் மால்ட் பானமே உலகச் செய்தியானது. அதைப் பற்றித் தனியே ஒரு மாலை பேச வேண்டியிருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பினாங்குக்காரர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, கடலை நிரப்பி நிலம் உருவாக்குவது. தீவின் தெற்கே தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் மீனவர்கள் எதிர்த்துவந்த செயற்கைத் தீவுத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 2019-இல் கிடைத்த ஒப்புதலை 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் நிபந்தனைகளோடு மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. பிறகு மூன்று தீவுகள் என்ற திட்டம் ஒன்றாகச் சுருக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி இத்தகைய அறிக்கையைத் தயாரிக்கும் நிபுணருக்குப் பணம் தருபவர் திட்டத்தை முன்வைப்பவரே. பலர் இதைக் கேடு என்பார்கள். ஆனால் இதில் ஓர் ஒழுங்கு உண்டு. யார் பணம் கொடுத்தார் என்பது அறிக்கையின் அட்டையிலேயே இருக்கிறது. படிப்பவர் அதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பக்கத்தையும் திருப்புகிறார். மேல்முறையீடு செய்பவரும் அதை மனத்தில் வைத்தே மாற்று நிபுணரைத் தேடுகிறார். சூன் கேன்சஸில் பேசியபோது அந்த அட்டைதான் கிழிக்கப்பட்டிருந்தது.

இதைச் சொல்லும் நான் ஒன்றை அறிவிக்க வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன், வேறொரு கரையோரத் திட்டத்துக்கான மதிப்பீட்டில் நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கும் பணியில் மூன்று ஆண்டுகள் ஊதியம் பெற்றேன். ஆகவே, பணம் தருபவர் பெயர் அட்டையில் இருந்தால் போதும் என்ற என் வாதத்தைப் படிப்பவர் அந்த நினைவோடு எடைபோடலாம்.

படிவம்

ஆய்வோடு நிற்காமல், நாடாளுமன்றக் குழுவின் முன் வரும் எந்த அறிவியல் சாட்சியும் நிரப்பக்கூடிய ஒரு பக்கப் படிவத்தை உருவாக்கிப் பார்க்கலாம் என்று குழுவின் வழக்கறிஞர் அம்மா சொன்னார். நான்கு கேள்விகளில் உடன்பாடு வந்தது. விவாதப் பொருளோடு தொடர்புள்ள நிறுவனம், சங்கம், அறக்கட்டளை எதிலிருந்தும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்களோ உங்கள் ஆய்வுக்கூடமோ பெற்ற பணம் எவ்வளவு, தந்தவர் யார்? இன்றைய சாட்சியத்தை உங்களுக்கு முன் படித்தவர் யார்? நிதியாளரின் பெயரை வெளியிடத் தடுக்கும் ஒப்பந்தம் ஏதும் உங்களைக் கட்டுப்படுத்துகிறதா? இன்று இங்கு வந்த பயணச் செலவு யாருடையது?

ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்ற வேறுபாடின்றி, அழைப்புக் கடிதத்தோடேயே எல்லோருக்கும் இது போக வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பணத்தையும் தனிமனிதர் எழுத வேண்டுமா என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. ஆய்வாளருக்குத் தெரியாமலேயே அவர் துறைக்கு நன்கொடை வரக்கூடும் என்று மாணவி வாதிட்டார். ஸ்மித்சோனியன் ஒப்பந்தத்தை நினைவுபடுத்தி, நிறுவனத்தின் பணத்தை விட்டுவிட்டால் சூன் விவகாரம் முழுவதும் இந்தப் படிவத்தின் சல்லடையில் தங்காமல் ஒழுகிவிடும் என்றேன். ஆய்வுக்கூடம் வரை எழுதுவது, பல்கலைக்கழகம் முழுமைக்கும் வேண்டியதில்லை என்று முடிந்தது. முழு மனத்தோடு நான் ஏற்ற முடிவன்று.

படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, யாராவது ஒருவர் நிரப்ப வேண்டும் என்றார் வழக்கறிஞர். கரையோரத் திட்ட வேலையைப் பற்றி நானே சொல்லியிருந்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், நீங்களே எழுதிப் பாருங்களேன்," என்றார் மாணவி.

முதல் கேள்வியில் தொகையை எழுதிவிட்டேன். இரண்டாவதும் நான்காவதும் சிக்கலில்லை. மூன்றாவதற்கு என் பழைய பணி ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அலமாரியில் தேடி எடுத்துப் படித்தபோது, பதினான்காவது பிரிவில், வாடிக்கையாளரின் பெயரையோ திட்டத்தின் விவரத்தையோ எழுத்து மூலமான இசைவின்றி எவரிடமும் வெளிப்படுத்தக்கூடாது என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. அதைப் படித்துவிட்டுத்தான் அன்று கையெழுத்திட்டேனா என்று நினைவில்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கட்டத்தில் 'ஆம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். நிதியாளர் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். இப்படி ஒரு படிவத்தோடு வருபவரை நாடாளுமன்றக் குழு கேட்கலாமா, திருப்பி அனுப்ப வேண்டுமா என்று மீண்டும் விவாதம் தொடங்கியது. கேட்கலாம், ஆனால் அந்த வெற்றுக் கட்டம் சாட்சியத்தோடு சேர்த்து அவைக் குறிப்பில் அப்படியே அச்சாக வேண்டும் என்ற ஐந்தாவது வரியை வழக்கறிஞர் தம் பேனாவால் படிவத்தின் அடியில் எழுதினார்.